நங்கூரம் அற்ற அணுக்கள்

கருங்கல் ஊரில் பொதுமக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



நம்ம பக்கத்தில் ஒருவருக்கு மூத்திரத்தின் நிறம் மாறினால் என்ன சொல்லுவோம்? "மஞ்சக்காமாலையாக்கும்" என்போம். வேலியோரத்துக் கீழாநெல்லியைப் பறித்து, அரைத்து, மோரில் கலக்கிக் கொடுப்போம். என் பெரியம்மா கையால் நானும் வாங்கிக் குடித்திருக்கிறேன். அந்தக் கையில் இருந்த அன்பைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் நிறம் மாறுவதற்குக் காமாலை ஒன்றுதான் காரணம் என்று இருந்துவிடக் கூடாது. காலையில் எழுந்ததும் கட்டன்சாயா நிறத்தில் போகிறது, மத்தியானத்துக்குள் தெளிந்துவிடுகிறது, ஆள் மட்டும் மாதத்துக்கு மாதம் வெளுத்துக்கொண்டே வருகிறார் என்றால், அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தக் கேள்வியையும், அதற்கு விடை சொல்லுகிற ஒரு ரத்தப் பரிசோதனையையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒரு பெண்ணை மனதில் நிறுத்திக்கொள்வோம். இன்னார் என்று யாரையும் நான் சொல்லவில்லை. இந்த நோய் எப்படி வரும் என்று காட்டுவதற்காக நானே வைத்துக்கொண்ட உருவம். முப்பது, முப்பத்திரண்டு வயது. அண்டியாபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகிறவர். வீட்டுக்கு ஏறுகிற மேட்டில் இப்போதெல்லாம் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் ஏழு. "ரத்தம் இல்ல, நல்லா சாப்பிடணும்" என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். கொஞ்சம் ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. ஒரு தடவை ரத்தம் ஏற்றுகிறார்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை. நடுவில் வயிற்றுவலி வருகிறது. அதற்கு வேறொரு டாக்டர். மூத்திரத்தின் நிறத்துக்கு இன்னொரு டாக்டர். கடைசியில் ஒருநாள் வயிறு வீங்குகிறது. ஸ்கேன் எடுத்தால், கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைக்குள் ரத்தம் உறைந்து கிடக்கிறது.

மூன்று டாக்டர்களும் தங்கள் அளவில் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். மூன்றும் ஒரே நோய் என்பதுதான் யாருக்கும் தென்படவில்லை. அந்த நோய்க்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க இரண்டு மில்லி ரத்தம் போதுமாக இருந்தது.

ரத்தம் குறைவதற்கு மூன்று வழிகள்தான் உண்டு. எலும்பு மஜ்ஜையில் ஊறாமல் இருக்கலாம். எங்கேயோ கசிந்து போகலாம். அல்லது ஊறிய அணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைந்து போகலாம். "ரத்தம் இல்லை" என்பது நோயின் பெயர் அல்ல, "எங்கே போயிற்று?" என்று கேட்ட பிறகுதான் வைத்தியம் தொடங்குகிறது. அணுக்கள் ரத்தநாளங்களுக்குள் உடைகின்றன என்பதற்கு அடையாளங்கள் இருக்கின்றன. எல்.டி.எச். என்ற நொதி ரத்தத்தில் பல மடங்கு ஏறும். ஹாப்டோகுளோபின் என்ற புரதம் காணாமல் போகும். மூத்திரத்தில் சிவப்பணுக்கள் இருக்காது, அவற்றின் சாயமான ஹீமோகுளோபின் மட்டும் இறங்கும். அடுத்து கூம்ப்ஸ் சோதனை செய்வார்கள். நம் உடம்பே நம் சிவப்பணுக்களுக்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது; வந்தது 1945-இல். அதுவும் 'இல்லை' என்று வந்து, அணுக்கள் மட்டும் உடைந்துகொண்டே இருந்தால், நான் சொல்லுகிற நோயை நினைத்தே ஆக வேண்டும்.

அதன் பெயர் நாக்கில் நிற்காது: பராக்சிஸ்மல் நாக்டர்னல் ஹீமோகுளோபினூரியா. சுருக்கமாக பி.என்.எச். இரவில், திடீர் திடீரென்று, மூத்திரத்தில் ரத்தச்சாயம் இறங்குவது என்று பொருள். 1882-இல் பால் ஸ்ட்ரூபிங் என்ற ஜெர்மானிய மருத்துவர், வண்டிச்சக்கரம் செய்யும் இருபத்தொன்பது வயதுத் தச்சர் ஒருவரிடம் இதைப் பார்த்துத் தெளிவாக எழுதிவைத்தார். தூக்கத்தில் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது, அதனால் பலவீனமான அணுக்கள் கரைகின்றன என்று அவர் நினைத்தார். இரவு பற்றிய எண்ணம் முழுக்கச் சரியில்லை. அணுக்கள் பகலிலும்தான் உடைகின்றன. இரவெல்லாம் தேங்கிய மூத்திரம் அடர்த்தியாக இருப்பதால் காலையில் கண்ணில் படுகிறது. ஆனால் கோளாறு அணுவிலேயே இருக்கிறது என்று அவர் சந்தேகித்தது எவ்வளவு பெரிய விஷயம்!

1937-இல் அமெரிக்காவில் தாமஸ் ஹாம், நோயாளியின் சிவப்பணுக்களை எடுத்து, லேசாக அமிலமாக்கிய சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிநீரில், போட்டுப் பார்த்தார். நலமானவரின் அணு அதே சீரத்தில் அப்படியே இருந்தது. நோயாளியின் அணு உடைந்தது. ஐம்பது வருடத்துக்கும் மேலாக உலகம் முழுவதும் இந்த நோயை உறுதி செய்தது இந்த ஹாம் சோதனைதான். ஆனால் அது உடைவதைக் காட்டியதே தவிர, ஏன் உடைகிறது என்று சொல்லவில்லை. பாதிப்பு எவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கவும் அதனால் முடியவில்லை. இன்னொரு குறையும் இருந்தது. எளிதில் உடையும் அணுக்கள் நோயாளியின் உடம்பிலேயே முன்பே உடைந்து தீர்ந்துவிடும். சோதனைக் குழாய்க்கு வந்து சேர்வது மிஞ்சியவைதான்.

ஏன் உடைகிறது? இதைச் சொல்ல எனக்கு நம் கடற்கரையைவிட நல்ல துணை கிடைக்காது.

நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று ஒரு காவல்படை இருக்கிறது. புரதங்களால் ஆன படை. கிருமி நுழைந்தால் அதன் சுவரில் துளை போட்டுக் கொல்லும். இந்தக் காவல் ஒரு நொடிகூடத் தூங்குவதில்லை; யார்மேலாவது பாய்ந்துகொண்டேதான் இருக்கும். அப்படியானால் நம் சொந்த அணுக்கள் எப்படித் தப்புகின்றன? அவற்றின் மேற்பரப்பில் இரண்டு காவலர்கள் நிற்கிறார்கள். சி.டி. 55 என்பது ஒரு புரதம், சி.டி. 59 என்பது மற்றொன்று. முதலாமவர் தாக்குதலைத் தொடக்கத்திலேயே கலைக்கிறார். அதையும் மீறி வந்தால், துளை போடும் கடைசி வேலையை இரண்டாமவர் தடுக்கிறார்.

இந்தக் காவலர்கள் அணுவின் மேல் நிற்பது எப்படி? நங்கூரம் போட்டு. இது நான் சொல்லுகிற உவமை அல்ல, விஞ்ஞானிகளே வைத்த பெயர். ஜி.பி.ஐ. நங்கூரம் என்றே அதைச் சொல்கிறார்கள். கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு சிறு கட்டமைப்பு. அதன் ஒரு முனை அணுவின் உறைக்குள் பதிந்திருக்கும், மறுமுனையில் புரதம் கட்டப்பட்டிருக்கும். இவ்விரண்டு புரதங்கள் மட்டுமல்ல, நூற்றுக்கு மேற்பட்ட புரதங்கள் இதே நங்கூரத்தை நம்பி நிற்கின்றன.

இப்போது யோசித்துப் பாருங்கள். நங்கூரம் அடிக்கிற கொல்லன்பட்டறை ஒன்று நின்றுபோனால் என்ன ஆகும்? படகில் கோளாறு இல்லை, கயிற்றில் கோளாறு இல்லை. ஆனாலும் ஒரு படகுகூட நிறுத்திய இடத்தில் நிற்காது. பி.என்.எச். நோயில் நடப்பது இதுதான். 1983-இல் இந்த நோயாளிகளின் அணுக்களில் சி.டி. 55 இல்லை என்று கண்டார்கள். பிறகு சி.டி. 59-உம் இல்லை என்று தெரிந்தது. இல்லாமல் போன புரதங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. இத்தனையும் ஒன்றாகத் தொலைய வேண்டுமானால் பொதுவான ஒன்று தொலைந்திருக்க வேண்டும் அல்லவா? 1993-இல் ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் டாரோ கினோஷிடாவின் குழு அந்தப் பட்டறையைக் கண்டுபிடித்தது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள பிக்-ஏ என்ற மரபணு அது. நங்கூரம் செய்வதன் முதல் படி அதனிடம் இருக்கிறது.

இங்கே தாய்மார்கள் ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேட்க வேண்டும். மரபணு என்றதும் "அப்போ பிள்ளைகளுக்கும் வருமா? குடும்பத்தில் உள்ளதா?" என்று பயம் வரும். வராது. இது பிறவியில் வருகிற கோளாறு அல்ல. பெரும்பாலும் வளர்ந்து ஆளான பிறகு, எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரு மூல அணுவில் மட்டும் நேருகிற மாற்றம். அந்த அணுவின் வாரிசுகள் மட்டுமே நங்கூரம் இல்லாமல் பிறக்கின்றன. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகாது, தொட்டால் ஒட்டாது, யார் செய்த பாவத்தாலும் வராது. கல்யாணப் பேச்சில் ஒரு பெண்ணின் பெயரோடு இதைக் கோத்துப் பேசுகிறவர்கள் இருந்தால், அது தவறு என்று நீங்கள் எழுந்து சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு மாற்றம் போதுமானதாக இருப்பது ஏன் என்றும் பிள்ளைகள் கேட்கலாம். நங்கூரம் செய்ய இருபதுக்கு மேற்பட்ட மரபணுக்கள் வேண்டும். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதிகள் இருப்பதால், ஒன்று கெட்டாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். பிக்-ஏ மட்டும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. பெண்களுக்கு இரண்டு இருந்தாலும் ஒவ்வோர் அணுவிலும் ஒன்று உறங்கிக் கிடக்கும். ஆக, விழித்திருக்கிற ஒன்று கெட்டால் தாங்க ஆள் இல்லை.

இனி பரிசோதனைக்கு வருவோம். இல்லாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பரிசோதனை இது. மலேரியாவில் கிருமியைப் பார்க்கிறோம், புற்றுநோயில் கட்டியைப் பார்க்கிறோம். இங்கே பார்க்க வேண்டியது ஒரு வெற்றிடம்.

அதற்கு இரண்டு கருவிகள் வேண்டியிருந்தன. முதலாவது, குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருள். 1975-இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள் அதை ஆய்வகத்தில் வேண்டிய அளவு செய்யும் வழியைக் கண்டார்கள். 1984-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழப்பாமல் இருக்க, 1982-இல் விஞ்ஞானிகள் பாரிசில் கூடி, அணுக்களின் மேலுள்ள அடையாளப் புரதங்களுக்கு சி.டி. என்று வரிசை எண் கொடுத்தார்கள். நான் முன்பே சொன்ன 55, 59 எல்லாம் அந்த வரிசையில் வந்த எண்கள்.

இரண்டாவது, ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற இயந்திரம். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்து முகத்துவாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடலில் எத்தனை படகு பரந்து கிடந்தாலும் அந்த வாயில் வழியாக ஒன்றன்பின் ஒன்றாகத்தான் உள்ளே வர முடியும். அங்கே ஒருவர் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு படகிலும் நங்கூரம் இருக்கிறதா என்று பார்த்து எழுதினால் எப்படி இருக்கும்? இந்த இயந்திரம் அதைத்தான் செய்கிறது. ஒளிரும் சாயம் கட்டிய எதிர்ப்பொருளை ரத்தத்தில் கலக்குகிறார்கள். அணுக்கள் நூல்போன்ற நீரோட்டத்தில் ஒற்றை வரிசையாக ஓடுகின்றன. லேசர் ஒளி குறுக்கே விழுகிறது. புரதம் இருக்கிற அணு மின்னும். இல்லாத அணு மங்கிப் போகும். நொடிக்கு ஆயிரக்கணக்கான அணுக்களை இப்படி எண்ணிவிடலாம். நுட்பமாகச் செய்தால் பத்தாயிரத்தில் ஒன்று நங்கூரம் இல்லாமல் வந்தாலும் பிடித்துவிடலாம்.

சிவப்பணுக்கள் மூன்று விதமாகப் பிரிந்து தெரியும். சி.டி. 59 முழுக்க இருப்பவை முதல் வகை. பாதியாய் இருப்பவை இரண்டாம் வகை. அறவே இல்லாதவை மூன்றாம் வகை. மூன்றாம் வகை எவ்வளவு கூடுதலோ, அவ்வளவுக்கு நோயாளி வெளுத்துப் போகிறார்.

ஆனால் சிவப்பணுவை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. காரணம் இரண்டு. நலமான சிவப்பணு 120 நாள் வாழும். மூன்றாம் வகை அணு அவ்வளவு காலம் தாங்காமல் உடைந்துவிடும். போர் முடிந்த களத்தில் நிற்பவர்களை மட்டும் எண்ணினால் விழுந்தவர் கணக்கு தெரியாது. இன்னொன்று, ரத்தம் ஏற்றியிருந்தால் அடுத்தவர் கொடுத்த நல்ல அணுக்கள் உள்ளே கலந்து நோயை மூடிவிடும். ஆகவே வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில், மோனோசைட் என்ற இரண்டு வகைகளையும் பார்க்கிறார்கள். அவை காம்ப்ளிமென்ட்டால் இப்படி அழிவதில்லை. ரத்தம் ஏற்றுவதாலும் இந்தக் கணக்கு கலைவதில்லை. மஜ்ஜையில் எவ்வளவு பங்கு கெட்டிருக்கிறது என்ற உண்மை அவற்றில்தான் தெரியும்.

வெள்ளணுக்களுக்கென்று ஓர் அருமையான தூது கிடைத்தது. நன்னீரில் வாழும் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு அணுவைப் பிடிக்க ஜி.பி.ஐ. நங்கூரத்தைத்தான் பற்றும். அமெரிக்காவில் ராபர்ட் பிராட்ஸ்கியும் உடனிருந்தவர்களும், கொல்லும் தன்மை நீக்கப்பட்ட அந்த நஞ்சில் ஒளிரும் சாயம் ஏற்றி, 2000-ஆம் ஆண்டு வாக்கில் இந்த நோயைக் கண்டறியப் பயன்படுத்திக் காட்டினார்கள். ஃப்ளேர் என்று பெயர். நங்கூரத்தில் கட்டிய படகைத் தேடாமல், நேராக நங்கூரத்தையே தொட்டுப் பார்க்கிற விரல் அது.

இல்லை என்று சொல்லுவது எளிதல்ல. வழக்கில் ஒரு சாட்சி போதாது என்பார்கள், இங்கேயும் அப்படித்தான். ஒருவருக்குப் பிறவியிலேயே சி.டி. 55 மட்டும் இல்லாமல் இருக்கலாம். அவருக்கு இந்த நோய் கிடையாது. சாயம் சரியாக ஒட்டாமல் போகலாம், மாதிரி பழையதாக இருக்கலாம். அதனால் 2010-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் ஒன்று முறைப்படுத்தியது: நங்கூரத்தோடு தொடர்புடைய அடையாளம் குறைந்தது இரண்டு, அணு வகையும் குறைந்தது இரண்டு. நியூட்ரோஃபிலில் ஃப்ளேரோடு சி.டி. 24, மோனோசைட்டில் ஃப்ளேரோடு சி.டி. 14, சிவப்பணுவில் சி.டி. 59 என்று பார்ப்பது பழக்கம். எல்லாச் சாட்சியும் ஒரே சொல்லைச் சொன்னால்தான் தீர்ப்பு.

இனி, நமக்கு இங்கே என்ன செய்ய முடியும்?

இந்தப் பரிசோதனைக்கு எலும்பைத் துளைக்க வேண்டியதில்லை. கையில் எடுக்கிற ரத்தம் போதும். ஆனால் நேரம் முக்கியம். வெள்ளணுக்கள் ஒன்று, இரண்டு நாளுக்குள் பார்க்கப்பட வேண்டும். கருங்கல்லில் காலையில் எடுத்த ரத்தம் மார்த்தாண்டம் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு அன்றே போய்விடும். வேலூருக்கும் சென்னைக்கும் ஒரு ராத்திரிப் பயணம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்து, ஞாயிறு கழியட்டும் என்று வைத்திருந்தால் அந்த மாதிரி வீண். முடிந்தால் ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும்.

யாருக்கெல்லாம் எடுக்க வேண்டும்? வெளுத்துப் போனவர் எல்லோருக்கும் தேவையில்லை. நம் நாட்டில் பெரும்பாலோருக்கு இரும்புச்சத்துக் குறைவுதான் காரணம். பி.என்.எச். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்குப் புதிதாக வருகிற அரிய நோய். ஆனால் இந்த நான்கு நிலைகளில் கேட்டே ஆக வேண்டும். கூம்ப்ஸ் சோதனை 'இல்லை' என்று வந்தும் அணுக்கள் உடைகிறவர்கள். மூத்திரத்தில் ரத்தச்சாயம் இறங்குகிறவர்கள். கல்லீரல், குடல், மூளை போன்ற வழக்கமில்லாத இடத்துச் சிரைகளில் ரத்தம் உறைந்த இளவயதினர். மஜ்ஜை வற்றிப்போகும் அப்லாஸ்டிக் அனீமியா உள்ளவர்கள். இந்தக் கடைசி வகையினரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் நங்கூரமற்ற அணுக்கள் சிறு அளவிலாவது இருக்கும். சிறு அளவில் இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர் தெரிந்தால் என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். 1995-இல் இங்கிலாந்தில் எண்பது நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தார்கள். நோய் தெரிந்து பத்தாண்டு அளவில் பாதிப் பேர் இறந்திருந்தார்கள். அதிகம் கொன்றது ரத்தக்குறைவு அல்ல, ரத்த உறைவு. அதே ஆய்வில், பத்து வருடத்தைக் கடந்த 35 பேரில் 12 பேருக்கு நோய் தானாகவே விலகியிருந்தது. அப்படியானால் ஆபத்தான வருடங்களைக் கடக்க வைப்பதே பெரிய வைத்தியம். பெயர் தெரிந்தால் உறைவைத் தடுக்க மருந்து கொடுக்கலாம், வயிற்றுவலியைப் புறக்கணிக்காமல் உடனே ஸ்கேன் எடுக்கலாம், ஃபோலிக் அமிலம் கொடுத்து அணு உற்பத்தியைத் தாங்கலாம். 2007-இல் எகுலிசுமாப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காம்ப்ளிமென்ட் துளை போடுவதையே அது நிறுத்துகிறது. கிருமிக்கு எதிரான காவலும் அதனால் குறைவதால், மூளைக்காய்ச்சல் கிருமிக்குத் தடுப்பூசி போட்ட பிறகே தருகிறார்கள். 2023 டிசம்பரில் இப்டகோபான் என்ற விழுங்கும் மருந்தும் அங்கே வந்துவிட்டது.

விலையை நான் மறைக்கப் போவதில்லை. எகுலிசுமாப் வந்த புதிதில் ஒரு நோயாளிக்கு ஒரு வருடத்துக்கு அமெரிக்காவில் ஏறக்குறைய நாலு லட்சம் டாலர் ஆயிற்று. ரப்பர் பால் வெட்டுகிற குடும்பத்திடம் இதைச் சொல்லி என்ன பயன் என்று எனக்கே நெஞ்சு கனக்கும். ஆனால் அடியோடு குணமாக்கும் வழி ஒன்று உண்டு: பொருத்தமான உடன்பிறப்பின் மஜ்ஜையை மாற்றுவது. ஆபத்தும் உள்ள சிகிச்சை அது, எல்லோருக்கும் பொருந்தாது. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. நோய் முற்றி, சிரைகள் அடைபட்ட பிறகு போவதைவிட முன்னமே போனால் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல். முன்னமே போக வேண்டுமானால் முன்னமே தெரிய வேண்டும்.

வேலூருக்கும் நம் மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. பக்கத்தில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838-இல் தொடங்கியது. 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறச் சென்ற சோமர்வெல் துரை அங்கே பல வருடம் அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு வேலூருக்குப் போய்ப் படிப்பித்தார். நம் பாட்டன்மார் வயிற்றுவலியைத் தூக்கிக்கொண்டு நடந்தே நெய்யூர் போனார்கள். நல்ல வைத்தியத்தைத் தேடிப் போக இந்த ஊர் என்றும் தயங்கியதில்லை. இன்றைக்குக் கால்கள் நடக்க வேண்டியதில்லை. ஒரு சின்னக் குழாய் ரத்தம் நடந்தால் போதும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். வீட்டில் ஒருவர் திரும்பத் திரும்ப வெளுத்துப் போனால், ஏற்றிய ரத்தம் நிற்காமல் போனால், டாக்டரிடம் பணிவாகக் கேளுங்கள்: "ரத்தம் எங்க போகுது டாக்டர்?" காலை மூத்திரத்தின் நிறத்தைச் சொல்லுங்கள், சொல்ல வெட்கப்படாதீர்கள், முடிந்தால் ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துக் காட்டுங்கள். வயிற்றுவலிக்குக் காட்டிய சீட்டையும், ரத்தம் ஏற்றிய சீட்டையும், ஸ்கேன் படத்தையும் ஒரே பையில் போட்டு, ஒரே டாக்டரின் மேசையில் வையுங்கள்.

நான் முதலில் சொன்ன அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டதும் அந்த ஒரு பைதான். மூன்று அறைகளில் தனித்தனியே கிடந்த மூன்று துன்பங்களும் ஒரு மேசையில் சேர்ந்திருந்தால், யாராவது ஒருவர் "நங்கூரம் இருக்கிறதா, பார்ப்போம்" என்று சொல்லியிருப்பார். 'இல்லை' என்று ஆய்வகத்திலிருந்து வருகிற அந்த ஒரு சொல், அவர் வயிறு வீங்குவதற்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும்.